அம்மாவுக்குப் பிடித்த வில்லன்

அப்பாவின் காக்கிச் சட்டையில் எப்போதும் இரண்டு மூன்று ஊர்களின் வாசம் ஒன்றாக அடிக்கும். அடியில் டீசல் வாடை நிலையாக இருக்க, அதன் மேல் அந்த நடைக்கு ஏற்றிய சரக்கின் வாசம் படிந்திருக்கும். வெங்காயம் ஏற்றி வந்தால் சருகின் காரம், மஞ்சள் ஏற்றி வந்தால் மண்வாசம் கலந்த ஒரு கசப்பு, ஜவ்வரிசி மூட்டை ஏற்றிப் போனால் சேலத்து ஆலைகளைத் தாண்டும்போது மூக்கில் ஏறுகிற அந்தப் புளித்த மாவு வாடை. சட்டையைத் துவைக்கப் போடுவதற்கு முன்னால் நானும் தம்பி சக்தியும் அதை முகத்தில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை அப்பா என்ன ஏற்றினார் என்று பந்தயம் கட்டுவோம். அம்மா வந்து சட்டையைப் பிடுங்கி வாளியில் போடுவாள். "மோந்து பாத்தது போதும், போய்ப் பல்லத் தேய்ங்க."

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. அப்பா "லைன் வண்டி" ஓட்டினார். உள்ளூரிலேயே மண்ணும் செங்கல்லும் அடிக்கிற லாரிகளுக்கு எங்கள் பக்கத்தில் அத்தனை மதிப்பில்லை. பெங்களூர், பூனா, நாக்பூர் என்று மாநிலம் தாண்டிப் போவதற்குப் பெயர்தான் லைன். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். சில நாட்களில் வண்டி எங்கள் ஊர் வழியாகவே சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ போகும், ஆனால் இறங்கி வீட்டுக்கு வந்துபோக நேரமிருக்காது. அப்போது ஏர் ஹாரனை நீட்டி அடித்துவிட்டுப் போவார். நாங்கள் இருவரும் தட்டில் இருக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம். ரோட்டை எட்டுவதற்குள் வண்டியின் பின்பக்கமும் அதில் எழுதியிருக்கும் எழுத்தும்தான் கண்ணில் படும், ஆனாலும் அன்றைக்கு முழுவதும் எங்களுக்குத் திருவிழாதான். அம்மா வெளியே வரமாட்டாள். அப்பா வருவார் என்று உலைக்கு அளந்து வைத்த அரிசியில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வாள்.

அந்தக் காலத்தில்தான் நாமக்கல்லுக்கு "மலைப்பாதை மன்னன்" வந்தது. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. மற்ற ஊர்களில் வந்த சுவடு தெரியாமல் போயிருக்கும். நாமக்கல்லில் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அதன் கதாநாயகன் ஒரு லாரி டிரைவர். வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் வண்டி ஓட்டுகிற, பாடி கட்டுகிற, டயர் விற்கிற ஊரில் வேறென்ன வேண்டும்? லோடு ஏற்றிய வண்டிகளைத் தியேட்டரைச் சுற்றி வரிசையாக நிறுத்திவிட்டு டிரைவர்கள் உள்ளே போய்விடுவார்கள். திரையில் கதாநாயகன் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் வெளியே வண்டியில் காவலிருந்தவர்கள் பதிலுக்கு ஹாரன் அடிப்பார்கள். அதற்கு உள்ளே ஒரு கைதட்டல் எழும்.

அப்பா எங்கள் மூவரையும் பகல் காட்சிக்குக் கூட்டிப்போனார். கதாநாயகன் பெயர் துரை. சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டுக்கொண்டு, ஒரு கையால் ஸ்டேரிங்கைச் சுழற்றி, மறு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் பாடிக்கொண்டே போவான். பக்கத்தில் கதாநாயகி செவந்தி அவன் தோளில் சாய்ந்திருப்பாள். வில்லன் ஒரு மண்டிக்காரர், தங்கப்பல் கட்டியவர். துரையின் வண்டியைப் பிடுங்கப் பார்ப்பார், கடைசியில் பிரேக்கை அறுத்துவிடுவார். பிரேக் இல்லாத வண்டியைத் துரை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வருகிற அந்தக் கடைசிக் கட்டத்தில் தியேட்டரே எழுந்து நின்றது. சக்தி நாற்காலியின் மேல் ஏறி நின்றான். அது துரை இல்லை, எங்கள் அப்பாதான் என்று எனக்குத் தெரியும். நாக்பூரிலும் பூனாவிலும் அவர் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார், அடக்கம் காரணமாக எங்களிடம் சொல்வதில்லை.

படம் முடிந்து பஸ்ஸில் வரும்போது நானும் சக்தியும் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினோம். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தவள், புதன்சந்தை தாண்டியதும் அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைய அவன் கூடவே ஏத்திக்கிட்டுப் போறானே, நெசமாலுமே அப்புடிப் போலாமுங்களா?"

"சினிமாவுக்கு என்ன, எது வேணும்னாலும் பண்ணுவான்" என்று அப்பா சிரித்தார்.

"அப்ப நானும் வாரேன்."

அப்பா இன்னும் பலமாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அதன் பிறகு அப்பா வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பேச்சு நடந்தது. பொம்பளைகளை லோடு வண்டியில் ஏற்றக்கூடாது என்றார், கேபினில் சூடு தாங்காது என்றார், குளிக்கக் கொள்ள வசதி கிடையாது என்றார், எல்லாவற்றுக்கும் மேலாக முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். முதலாளி என்ற பெயரைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்பது அவர் எண்ணம். அம்மா பஸ் ஏறி நாமக்கல்லுக்குப் போய், முதலாளியைப் பார்க்காமல் முதலாளியின் வீட்டம்மாவைப் பார்த்தாள். அங்கே என்ன பேசினாளோ தெரியாது, அடுத்த முறை அப்பா வண்டி எடுக்கப் போனபோது முதலாளியே, "செல்லமுத்து, லீவுல புள்ளைங்களையும் ஊட்டுக்காரியையும் ஒரு நடை கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாய்யா. எங்க ஊட்டுல நேத்துலருந்து எனக்குச் சோறு எறங்க வுட மாட்டேங்கறா" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அம்மா ஊறுகாய் ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கோடை விடுமுறையில் நாங்கள் புறப்பட்டோம். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிப் பெங்களூர் போய் இறக்கிவிட்டு, அதற்கப்பால் எங்கேயோ மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்கு வந்து கோழித்தீவன ஆலையில் இறக்க வேண்டும். கிளீனர் வேலு அண்ணன் எங்களுக்காக இடத்தைக் காலி செய்துவிட்டு மேலே மூட்டைகளின் மீது தார்ப்பாயில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் சக்தியும் இன்ஜின் மூடியின் மேல் சாக்கை மடித்துப் போட்டு ஏறிக்கொண்டோம். அம்மா இடதுபக்க ஜன்னலோரம். மடியில் பம்ப் ஸ்டவ், காலடியில் சோற்றுப் பாத்திரம், தலையில் கனகாம்பரம்.

ஓமலூர் தாண்டுவதற்குள்ளேயே எங்களுக்கு முதல் ஏமாற்றம். அப்பா பாடவில்லை. படத்தில் துரைக்கும் செவந்திக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. நிஜ லாரியில் டிரைவருக்கும் அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கும் நடுவில் ஒரு முழு இன்ஜின் இருந்தது. தோளில் சாய வேண்டுமென்றால் அம்மா எங்கள் இருவரையும் தாண்டி வந்தாக வேண்டும். ஒரு வார்த்தை பேசுவதானாலும் கத்த வேண்டும். "தண்ணி வேணுமுங்களா?" என்று அம்மா கத்துவாள், "என்ன?" என்று அப்பா கத்துவார், நடுவில் நான் அஞ்சல் செய்வேன். வண்டியில் டேப் ரிக்கார்டர் இருந்தது, அதன் வாய்க்குள் ஊதுபத்தி செருகி வைத்திருந்தார். அப்பா இரண்டு கைகளாலும் ஸ்டேரிங்கைப் பிடித்து, முன்னால் குனிந்து, கண்ணாடியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கணக்குப் பரீட்சை எழுதுகிறவரைப் போல ஓட்டினார். சக்தி என் காதில், "அக்கா, அப்பா நம்ம முன்னால வெக்கப்படறாரு. தனியாப் போனா பாடுவாரு" என்றான். நான் நம்பினேன்.

அம்மாவுக்கோ எல்லாமே பிடித்திருந்தது. கிருஷ்ணகிரிக்கு இப்பால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, வண்டி நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறாக்கி, கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்த இரண்டு டிரைவர்கள் வாசனைக்கு வந்து நின்றார்கள். அவர்களுக்கும் இலை போட்டாள். "எந்த ஊருங்க, பண்டிகைக்காவது ஊட்டுக்குப் போவீங்களா?" என்று அவர்கள் வீட்டுக் கதையெல்லாம் கேட்டாள். பெங்களூரில் மண்டித் தெருவின் கூட்டத்தைப் பார்த்து அவள் கண்கள் விரிந்ததும், ஒரு கன்னடப் பூக்காரியிடம் சைகையிலேயே பேரம் பேசி ஜெயித்ததும், மக்காச்சோளம் ஏற்றிய ஊரில் வயலுக்குள் இறங்கி வாய்க்காலில் எங்களைக் குளிப்பாட்டியதும் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அப்பா எதையும் பார்த்த மாதிரித் தெரியவில்லை. தார்ப்பாய்க் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பதும், டயரைத் தட்டித் தட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். வேலு அண்ணனே, "அண்ணே, இன்னிக்கி என்ன இத்தன வாட்டி?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது காலையில் தொப்பூர் கணவாயில் இறங்கினோம். தர்மபுரிப் பக்கமிருந்து சேலத்துக்கு வருகிறவர்களுக்கு அது நீண்ட இறக்கம். வண்டியோட்டிகள் அங்கே சாமி கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். எங்களுக்கோ இதுதான் அந்தக் கடைசிக் கட்டம். இந்த ஒரு இடத்துக்காகத்தான் நானும் சக்தியும் இத்தனை சூட்டைப் பொறுத்துக்கொண்டு வந்தோம். அப்பா வண்டியை மேட்டிலேயே நிறுத்தி, இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடி ஏறி, கியரைக் குறைத்துப் போட்டு, கட்டை வண்டி போல உருட்டத் தொடங்கினார். இன்ஜின் உறுமியது, வண்டி நகர்வதே தெரியவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்து முந்திப் போனார்கள். ஒரு டிராக்டர்கூட முந்தியது.

"அப்பா, வேகமாப் போங்கப்பா. எல்லாரும் முந்தறாங்க" என்றான் சக்தி, அழாத குறையாக.

"ஏறுன கியர்லயேதான் எறங்கோணும் சாமி" என்றார் அப்பா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். டிரைவர்கள் வழிவழியாகச் சொல்கிற வார்த்தை அது. எங்களுக்கு அது கோழையின் வார்த்தையாகப் பட்டது.

அப்போது தக்காளிக் கூடைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஒரு லாரி, ஏர் ஹாரனை இசை போல அடித்துக்கொண்டு எங்களைக் கடந்தது. அதன் டிரைவர் ஒரு கையை ஜன்னலில் போட்டிருந்தார். எங்களைப் பார்த்து அந்தக் கையை ஆட்டினார். சக்தி இன்ஜின் மூடியில் எழுந்து நின்று, "துரை! துரை!" என்று கூவினான்.

இரண்டு வளைவு தாண்டியதும் ரோடு சிவப்பாக இருந்தது. ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தக்காளி என்று தெரிந்தது. அந்த லாரி மலைப்பக்கச் சுவரில் மோதி, பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தது. ஒரு சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா எங்கள் வண்டியை அகலமான இடத்தில் ஓரங்கட்டி, வேலு அண்ணன் சக்கரத்துக்குக் கல் வைக்கும்வரை காத்திருந்து, பிறகு ஓடினார். டிரைவரும் அவருடன் வந்தவரும் எப்படியோ வெளியே வந்திருந்தார்கள். டிரைவர் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கொஞ்சம் ரத்தம், வேறு பெரிய காயம் இல்லை. ஆனால் அவருடைய கைகள் ஆடிக்கொண்டே இருந்தன. கொடுத்த தண்ணீரை அவரால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அப்பா அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, அந்த இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க, அதான் ஒண்ணும் ஆகலியே, ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா தண்ணீரை அவர் வாயில் ஊற்றினாள். முகத்தைத் துடைத்துவிட்டாள். மீதமிருந்த தயிர்ச்சோற்றை உருட்டிக் கையில் வைத்தாள்.

சக்தி காலடியில் உருண்டு வந்த ஒரு தக்காளியை எடுத்தான். அப்பா திரும்பிப் பார்த்து, "வெய்யி கீழ" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்னும் நாங்கள் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

வேறு ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு நாங்கள் புறப்பட்டோம். அப்பா எங்களை வீட்டில் இறக்கிவிட்டு நாமக்கல்லுக்கு லோடு இறக்கப் போனார். அடுத்த சில வாரங்களில், அப்பா லைன் வண்டியை விட்டுவிட்டார்.

அது எங்கள் தெருவில் பெரிய செய்தி. லைன் ஓட்டுகிறவன் அதைவிட்டு இறங்குவது என்பது பெரிய பள்ளிக்கூட வாத்தியார் ஒன்றாம் வகுப்புக்கு வந்து உட்காருவது போல. அப்பா மோகனூர்ப் பக்கம் ஆலைக்குக் கரும்பு அடிக்கிற வண்டியில் சேர்ந்தார். கரும்பு இல்லாத மாதங்களில் உள்ளூர் லோடு. பொழுது சாய்ந்தால் வீட்டில் இருப்பார். "ருக்கு அழுது அழுதே புருசன எறக்கிப்புட்டா" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்பா அதை மறுக்கவில்லை. அம்மாவும் மறுக்கவில்லை, உண்மையிலேயே அந்த நாட்களில் அவள் முகம் வாடிக்கிடந்ததை நாங்கள் பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன், "உங்கப்பன் இப்பக் கரும்பு வண்டிதான?" என்று கேட்டுவிட்டான் என்று சக்தி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் அப்பா இரண்டு முழுக் கரும்பு கொண்டுவந்தார். அதைத் துண்டு போட்டு வகுப்புக்கு எடுத்துப்போன பிறகு, கேட்ட பையனே சக்தியின் தோளில் கைபோட்டுக்கொண்டான். ஆனாலும் நாமக்கல் தியேட்டரில் எழுந்து நின்று பார்த்த அந்த மன்னன் எங்கள் வீட்டில் இல்லை. அவரை இறக்கியது அம்மாதான் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

வளர்ந்து, படித்து, வேலைக்குப் போன பிறகு என் தீர்ப்பு மாறியது. அம்மா செய்ததுதான் சரி, குடும்பத்துக்காக ஒரு பெண் போராடி ஜெயித்திருக்கிறாள் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லத் தொடங்கினேன். தீர்ப்புதான் மாறியதே தவிர வழக்கு அதேதான்.

இப்போது நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் அப்பாவும் அம்மாவும் எங்களோடு வந்து தங்கியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அம்மா, "புதுக் கண்ணு வந்து ஒரு சினிமாகூடப் பாக்கல" என்றாள். கல்லூரியில் படிக்கிற என் மகள் நிலா, "என்ன படம் வேணும், சொல்லுங்க அமுச்சி" என்று போனை எடுத்தாள். நான்தான் "மலைப்பாதை மன்னன்" என்று சொன்னேன். கிடைக்காது என்று நினைத்துத்தான் சொன்னேன். கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார். நிறமெல்லாம் வெளுத்து, எல்லோரும் ரோஸ் நிறத்தில் இருந்தார்கள். நிலா அதை டிவியில் போட்டாள்.

முதல் பத்து நிமிடத்திலேயே எனக்குக் கூச்சமாகிவிட்டது. வீரனாக நான் நினைத்திருந்த துரை, ஊரில் எல்லோரிடமும் காரணமில்லாமல் வம்பிழுக்கிற ஒரு முரடனாக இருந்தான். செவந்தி ஆசைப்பட்டு ஒரு இடத்தில் ஸ்டேரிங்கைத் தொடுகிறாள். துரை அவளைப் பளாரென்று அறைந்து, இது ஆம்பளை கை படுகிற இடம் என்று நீளமாக வசனம் பேசுகிறான். அந்த அறைக்கு நாமக்கல்லில் நாங்கள் கைதட்டினோம். நிலா படத்தை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, இதையா இத்தன வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்த?"

அப்பா முந்திக்கொண்டு, "தப்புதான் சாமி, பெரிய தப்பு" என்றார். நிலாவுக்குச் சந்தோஷம். அப்பா தொடர்ந்தார்: "வண்டி ஓடிக்கிட்டு இருக்கயில ஸ்டேரிங்க வுட்டுப்போட்டு அடிக்கறான் பாரு. எவன் இவனுக்கு லைசென்ஸ் குடுத்தான்?"

அதன் பிறகு படம் பார்ப்பதைவிட அப்பாவைப் பார்ப்பது சுவாரசியமாக இருந்தது. கிளட்சை மிதிக்காமல் கியர் போடுகிறான் என்றார். இவ்வளவு பெரிய வளைவில் பாட்டு எதற்கு என்றார். லோடு வண்டி என்று சொல்கிறார்கள், ஸ்பிரிங் பட்டை அமுங்கவே இல்லையே, வண்டி காலி என்றார். தங்கப்பல் மண்டிக்காரர் திரையில் வந்தபோது அம்மா கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு இந்தப் படத்துல இந்த ஆளத்தான் புடிக்கும்."

"அமுச்சி, அவருதான் வில்லன்!" என்றாள் நிலா.

"இருந்துட்டுப் போறான். பொழுதோட ஊட்டுக்கு வந்து, பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து சோறு திங்கறான் பாரு. அன்னிக்கே நான் இதத்தான் பாத்தேன்."

அப்படி ஒரு காட்சி இருந்ததே எனக்கு நினைவில்லை. இருந்தது. மண்டிக்காரர் தன் வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே துரையைக் கொல்லத் திட்டம் போடுகிறார். மனைவி அவருக்கு நெய் ஊற்றுகிறாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. தியேட்டர் முழுக்கத் துரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது அம்மா அந்தச் சாப்பாட்டை மட்டும் பார்த்திருக்கிறாள்.

கடைசிக் கட்டம் வந்தது. பிரேக் இல்லாத லாரி மலையிலிருந்து பாய்கிறது. அப்பா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. "கியரக் கொறடா! கொறடா டேய்!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். துரை கேட்கவில்லை, ஒரு கையால் ஸ்டேரிங்கையும் மறு கையால் வில்லனின் கழுத்தையும் பிடித்தபடி இறங்கி வந்து, வைக்கோல் போரில் வண்டியை நிறுத்தி ஜெயித்தான். அப்பா முதுகைச் சாய்த்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பினூடேதான் நான் சொன்னேன்: "நீங்களும் இவன மாதிரியே இருந்திருப்பீங்கப்பா. அம்மா அழுது உங்கள லைன்லருந்து எறக்காம இருந்திருந்தா."

அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "யாரு அழுதா?"

"நீதான். தெருவே சொல்லுச்சே."

"அட, ஆமா, அழுதேன். இந்த மனுசன் லைன வுட்டுப்போட்டாரேன்னு அழுதேன். அடுத்த நடை பூனாவுக்குப் போலாம்னு ஸ்டவ்வுக்குப் புதுப் பர்னரெல்லாம் வாங்கி வெச்சிருந்தேன். முதலாளி ஊட்டம்மா வேற, இன்னொரு வாட்டி போயிட்டு வான்னு சொல்லியிருந்தா. ஊரு ஊராப் பாக்கறதும், மரத்தடியில சோறாக்கறதும்... என்ற ஆயுசுக்கும் அந்த மாதிரி இருந்ததில்ல. நல்லா ஆரம்பிக்கயிலயே வந்து, வண்டிய வுட்டுட்டேன் ருக்குன்னு நிக்கறாரு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டிவியில் ஓடிக்கொண்டிருந்த பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் உழைத்தவர்களின் பெயர்கள், படிக்க முடியாத அளவுக்கு மங்கி, மேலே மேலே போய்க்கொண்டிருந்தன.

"அப்பறம் ஏம்ப்பா வுட்டீங்க?"

அவர் சாதாரணமாக, ரோட்டுக்கு வழி சொல்வது போலச் சொன்னார்.

"தனியா ஓட்டயில ஒண்ணும் தெரியாது சாமி. எத்தனையோ வண்டி கவுந்து கெடக்கறதப் பாத்திருக்கறேன், ஒதுங்கி ஓட்டிக்கிட்டுப் போயிருவேன். நீங்க மூணு பேரும் உள்ள உக்காந்திருந்தீங்க பாரு, அன்னிக்குத்தான் மொதமொதல்ல எனக்குப் பயம் வந்துச்சு. சேலத்துலருந்தே பயம்தான். தக்காளி வண்டிக்காரன் கையப் புடிச்சேன், என்ற கையும் அப்புடியேதான் ஆடிக்கிட்டு இருந்துச்சு, யாரும் பாக்கல. அடுத்த நடை தனியாத்தான் போனேன். அப்பவும் போகல அது. நீங்க இல்லாமயே நீங்க உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு. பயந்துக்கிட்டு லைன் ஓட்ட முடியாது."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல? என்னியத்தான ஊரே பேசுச்சு?" என்றாள் அம்மா.

"எப்புடிச் சொல்றது? இதுங்க ரெண்டும் என்னியத் துரைன்னு நெனச்சிக்கிட்டு இருந்துச்சுங்க."

அம்மா அவரை முறைத்தாள். மருந்து விட்ட கண்ணால் முறைத்ததால் அதில் அவ்வளவு காரம் இல்லை. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருக்கும் சக்திக்கு நான் அப்போதே போன் போட்டுச் சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, "படத்தோட லிங்க்க அனுப்புக்கா" என்றான்.

டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்னதும் நாங்கள் காரில் தொப்பூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டோம். பூனாதான் வேண்டும் என்று அம்மா கேட்டாள்; இப்போதைக்குக் கிருஷ்ணகிரி என்று சமாதானம் செய்தோம். நான் ஓட்டினேன். அம்மா முன் இருக்கையில் என் பக்கத்தில், மடியில் சாப்பாட்டுக் கூடையோடு. அப்பாவும் நிலாவும் பின்னால். வழியில் இருந்த புளியமரங்கள் ரோட்டை அகலப்படுத்தியபோதே போய்விட்டன. மன்னன் ஓடிய நாமக்கல் தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. திரை இருந்த இடத்தில் மணமேடை இருக்கிறது, சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்கு நானே அங்கே போய்ச் சாப்பிட்டு வந்தேன். தொப்பூரில் தக்காளி வண்டி சாய்ந்து கிடந்த வளைவைக் காட்டுகிறேன் என்று அப்பா கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இதோ, இதோ என்றார், பிறகு இது இல்லை என்றார். போக ஒரு ரோடும் வர ஒரு ரோடுமாக மலையையே வெட்டி நேராக்கியிருந்தார்கள். அவருக்குத் தெரிந்த வளைவு எதுவும் அங்கே இல்லை.

மேட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, மூட்டைகளைப் பாரமாக ஏற்றிக்கொண்டு, மூச்சுவாங்கி ஏறிக்கொண்டிருந்தது. நான் அதன் பின்னால் வந்தேன்.

"அவசரமில்ல சாமி. பின்னாலயே போ" என்றார் அப்பா.

அம்மா கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புதுக் கண்களால் வலதுபக்கத்தை எட்டிப் பார்த்தாள். ரோடு காலியாக இருந்தது.

"முந்து கண்ணு" என்றாள்.